ஏழாம் கணினியில் ஒட்டிய சீட்டு

வித்துரா பஸ்ஸுக்காகத் தம்பானூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது பரமேஸ்வரனின் மகள் போன் செய்தாள். “மாமா, அப்பா காலம்பற போயிட்டார்” என்றாள். பிறகு, “அப்பாவோட மழைக்கணக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கோன்னோ?” என்று கேட்டாள். “இருக்கும்மா” என்றேன்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். வித்துரா மலைச்சரிவில் எவ்வளவு மழைக்கு மண் இறங்கும் என்று ஒன்பது வருடம் கணித்துக்கொண்டிருந்தார். நிலையத்தில் பதினாறு கணினிகளை இணைத்த தொகுப்பைப் பார்த்துக்கொண்டவன் நான். வயர் இழுக்க வந்து, பிறர் ஒதுக்கிய புத்தகங்களைப் படித்து நானே கற்றுக்கொண்டவன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க். அதற்கு நாள்தோறும் நகல் எடுப்போம். ஒவ்வொரு கணினிக்கும் தனியாக ஒரு டிஸ்க். அதற்கு நகல் கிடையாது. தனி டிஸ்க்கில் இருப்பது முன்னறிவிப்பின்றி அழிக்கப்படும் என்று விதி எழுதிக் கையெழுத்திட்டவனும் நானே.

ஒரு மழைக்காலத்தில் பொது டிஸ்க் நிரம்பி எல்லோருடைய வேலையும் நின்றது. பாதி இடம் அவருடையது. “சாமி, சத்திரத்துல ஒருத்தன் கால நீட்டிப் படுத்தா மத்தவன் எங்க படுப்பான்?” என்றேன். அவர் சிரித்தார். “காலி பண்ணிடறேன் ஓய். செல்லையா, நீர் பார்த்து ஒரு மூலை காட்டும்.” ஏழாம் கணினியின் தனி டிஸ்க்கைக் காட்டினேன். இதை யாரும் தொடமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதி வைக்கவில்லை. விலக்கு என்று எழுதினால் நாளைக்குப் பத்துப் பேர் அதையே கேட்டு வருவார்கள். அவர்தான் ஒரு சீட்டில் “பரமேஸ்வரன் இடம். செல்லையாவுக்குத் தெரியும்” என்று எழுதிக் கணினியின் நெற்றியில் ஒட்டினார்.

ஓய்வு பெற்றபோது அந்தச் சீட்டை நம்பிப் பேசாமல் வந்துவிட்டேன். புதியவர்களும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நிலையத்துக்குப் போனேன். இப்போது பொறுப்பில் இருக்கும் அனில் எழுந்து நின்றான். “சாரே, ஏழாம் கம்ப்யூட்டரும் சேர்த்து எல்லாம் ஓணத்துக்கு முன்னே அழிச்சுப் புதுசா இன்ஸ்டால் செய்தாச்சு. அழிக்கலாம்னு நியமம் சார் எழுதினதுதானே?”

“சாமிக்குத் தெரியுமா?”

“ஆஸ்பத்திரியில போய்ச் சொன்னேன் சாரே. ‘பரவாயில்லை, போகட்டும். செல்லையாகிட்ட மட்டும் சொல்லிடாதே’ன்னார்.”

ஓணத்துக்குப் பிறகு இரண்டு முறை அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இரண்டு முறையும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.

விதி சரி என்றே இன்றும் சொல்வேன். கேட்காமல் அழித்தவர்களை மன்னிக்கமாட்டேன். சொல்லாமல் வந்தவனையும் மன்னிக்கமாட்டேன்.

சீட்டு அங்கேயே ஒட்டியிருந்தது, உரித்து எடுத்துவந்தேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். உங்களில் யாரிடமாவது அவர் கணக்கின் ஒரு பக்கம் இருந்தால் கரமனையில் அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். கேட்டவரையில் எவரிடமும் இல்லை.

இது நம் நிலைய இதழில் அச்சாகி வருவதற்குள் அவர் மகளிடம் நான் சொல்லியாக வேண்டும்.