மணலில் கிடந்த குதிரைக்காரன்

சவூதியில் மதியச் சாப்பாட்டு நேரம். ஊரிலிருந்து தம்பி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய இங்கிலீஷ் யுத்த காமிக்ஸின் ஒரு பக்கம். பாலைவனத்தில் தொப்பிக்காரன் ஒருவன் தாகத்தில் சுருண்டு கிடக்கிறான், பக்கத்தில் அவன் குதிரை. கீழே தம்பி எழுதியிருந்தான்: "அண்ணே, கடைசி வரைக்கும் இவென் தோண்டவே இல்லையே!"

சின்ன வயசில், தனுஷ்கோடிப் பக்கத்துக் குடிசையில், கருவாட்டு வாசனைக்கு நடுவே நாங்கள் பார்த்துப் பார்த்துக் கிழிந்த பக்கம் இது. மாமா பழைய பேப்பர் கடையிலிருந்து கொண்டுவரும் அந்தப் புத்தகங்களில் டாங்கியும் விமானமும்தான் நிறைய. அவற்றுக்கு நடுவில் இந்தக் குதிரைக்காரன் கதைக்கு இரண்டே பக்கம். அடுத்த புத்தகத்தில் அவன் இல்லை. கதையையே நிறுத்திவிட்டார்கள். அவன் செத்துப்போனான் என்று தம்பி ஓவென்று அழுதான்.

அன்றைக்கு அம்மா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "கிறுக்குப் பய! இம்புட்டு மணலு கெடக்கு, தோண்டிக் குடிக்க வேண்டியதுதான? ஏலே, வாங்க இங்கன."

அலைச் சத்தம் காதை அடைக்கும் இடத்தில் முழங்கால் போட்டு, வெறுங்கையால் மணலை அள்ளினாள். குழிக்குள் தண்ணீர் சுரந்தது. சிரட்டையில் மோந்து கொடுத்தாள். துளி உப்பு இல்லை. தம்பி அழுகையை நிறுத்தினான்.

போனைப் பையில் போட்டுவிட்டு, கம்பெனி வேலியைத் தாண்டிப் போய் நானும் முழங்கால் போட்டேன். முழங்கை புதையும் வரை தோண்டினேன். சுடுமணல் சரிந்து சரிந்து குழியை மூடியது.

தம்பிக்குப் பதில் அனுப்பினேன்: "அவென் மேல தப்பில்லடா. அம்மா தோண்டுன மணலு வேற."