ஒட்டிக்கிட்ட காடு

பதினேழு. இந்த நம்பரை மனசுல எழுதி வச்சுக்குங்க. 1931 கடைசியிலேருந்து 33 தொடக்கம் வரைக்கும் கிள்ளான் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துப் புகைக்கொட்டகையில தங்கி, பாட்டுக் கட்டி, படம் எழுதி, கூத்துப் பழகிட்டுப் போன கலைஞருங்க பதினேழு பேரு. அவங்களுக்கு எடம் புடிச்சுக் கொடுத்தது சங்கமில்ல, சபையில்ல, மாலை போட்டுக்கிட்டுப் போட்டோவுக்கு நின்ன தலைவருங்களும் இல்ல. கூலிக்காரங்க வரிசைவீடு இருக்கே, லயம், அதுல மூணாம் லயத்து தனலெட்சுமி. ரப்பர் மரத்துல பால் வெட்டுற பொம்பள.

அந்த வருசம் ரப்பர் விலை படுத்துப்போச்சு. பாதி மரத்துல வெட்டு கெடையாது. பாதி ஜனத்தைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுற கொட்டகை ரெண்டுல ஒண்ணு சும்மா கெடந்துச்சு. ஊர்லேருந்து வந்த நாடகக் கம்பெனிங்களும் ஒண்ணொண்ணா ஒடஞ்சு, ஆர்மோனியக்காரரும் ராஜபார்ட்டும் கிள்ளான் பாசார்ல பசியோட அலைஞ்சாங்க. தனலெட்சுமி ரெண்டையும் பார்த்தா. காலையில பெரட்டுக் களத்துல ஆள் எண்ணுறப்போ நேரா துரை முன்னாடி போயி நின்னா.

"தொரே, கொட்டகை காலியாத்தானே கெடக்கு? கூத்துக்காரங்க தங்கிக்கட்டுமே."

ஆபீஸ்ல கணக்கெழுதுற பெரிய கிராணி ரெங்கசாமிக்கு மூக்குமேல கோவம். அவருக்கு நாலு மாடு. அதுங்களக் கட்ட அந்தக் கொட்டகை மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஆனா துரை சிரிச்சுட்டுச் சரின்னுட்டாரு.

லயத்துல வீட்டுக்கு ஒரு புடி அரிசி, மரவள்ளிக்கெழங்கு, கருவாடுன்னு சோத்துக்குக் கொடுத்தாங்க. யாரு வந்தாலும் ஒரு மாசம் தங்கலாம். சட்டம் ஒண்ணே ஒண்ணு: போறதுக்குள்ள புதுசா ஏதாச்சும் பண்ணணும், அதை மொதல்ல லயத்து ஜனங்களுக்குக் காட்டணும். காஜாங்லேருந்து வந்த மிருதங்கக்காரர் ஒருத்தர் மூணு வாரமா பழைய சரக்கையே தட்டிக்கிட்டிருந்தாரு.

"அண்ணே, இதை மாரியம்மன் கோயில்லயே கேட்டுட்டோம். சோறு மட்டும் தெனம் புதுசா வேணுமா?"ன்னா தனலெட்சுமி.

மனுசன் மறுநாளே புது ஜதி கட்டிட்டாரு.

ஆறு மாசம் கழிஞ்சது. கிராணி ஓதி ஓதி, துரையும் ஒரு கெடு வச்சாரு. பட்டணத்துல பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆளுங்க போடுற நாடகத்துக்கு அவருதான் முக்கிய விருந்தாளி. அதுக்கு வேண்டிய காட்டுச் சீன் திரையை இந்தக் கொட்டகையிலதான் எழுதிக்கிட்டிருந்தாங்க. "நல்லா இருந்தா கொட்டகை உனக்கு. இல்லேன்னா கிராணி மாட்டுக்கு"ன்னு சொல்லிட்டாரு.

திரை எழுதுனவரு சபாபதி, மதுரைக்காரர். பாதிக் காடு முடிஞ்சப்போ சாயத்துல கலக்குற வஜ்ரப் பசை தீந்துபோச்சு.

"வஜ்ரம் இல்லேன்னா சாயம் சீலையில ஒட்டாது தங்கச்சி. பொலபொலன்னு உதுந்துரும்."

"ஒட்டணும், அவ்வளவுதானே? நம்மகிட்ட பால் இருக்கேண்ணே!"

பால் எடுத்தப்புறம் கோப்பையில சொட்டிக் கெடந்த மிச்சத்தைக் கொண்டாந்து சாயத்துல ஊத்துனா. காடு பளபளன்னு எழும்புச்சு. லயமே வந்து பார்த்துச்சு. பால்வெட்டு அய்யாவு மரத்தையெல்லாம் எண்ணிப் பார்த்துட்டு, "இதுல எனக்கு எத்தனை மரம் வெட்டு?"ன்னான்.

திரையைச் சுருட்டி ரயிலேத்துனாங்க. நாடகத்தன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் மேடையில கட்டு அவுத்தா, சுருள் பிரியல. ஈர அப்பளக் கட்டு கணக்கா ஒட்டிக்கிச்சு. சபாபதி இழுத்தாரு. மானோட தலை தனியா வந்து ஆலமரத்துல ஒட்டிக்கிச்சு.

புகை போடாத ஷீட்டை அடுக்குனா ஒட்டிக்கும்னு தோட்டத்துல தவழுற புள்ளைக்கும் தெரியும். தனலெட்சுமிக்குத் தெரியாதா? ஆனா சீலை அவ கண்ணுக்குச் சீலையாத்தான் தெரிஞ்சுது, ஷீட்டாத் தெரியல.

"ஆகா! காடு அழிஞ்சுது, எம்மாட்டுக்கு வீடு கெடச்சுது!"ன்னாரு வேடிக்கை பாக்கக் கூடவே வந்திருந்த கிராணி.

"சபாபதியண்ணே மேல தப்பில்ல. பாலை ஊத்துனவ நாந்தான்"ன்னா தனலெட்சுமி. சொல்லிட்டு அங்க இங்க பார்த்தா. உள்ள ராஜா வேசக்காரர் இராமலிங்கம், மூஞ்சிக்கு வெள்ளைப் பவுடர் அப்பத் தயாரா ஒக்காந்திருந்தாரு. நேரா போயி டப்பாவைத் தூக்குனா.

"ஏம்மா, அது என் மூஞ்சிக்கு!"

"உங்க மூஞ்சி ஒட்டாதுங்கண்ணே. திரைதான் ஒட்டும்."

இருந்த டப்பா அத்தனையும் வந்துருச்சு. ஒரு வெரக்கடை பிரிக்கிறது, பவுடர் தூவறது, அடுத்த வெரக்கடை. பிசுக்கு அடங்குச்சு. ஆறு மணிக்குத் திரை முழுசாப் பிரிஞ்சிருச்சு. பாதி மரம் எடம் மாறி ஒட்டியிருந்துச்சு. மொத்தக் காட்டுலயும் வெள்ளை படிஞ்சிருந்துச்சு. மானுக்குத் தலை வரையத்தான் சபாபதிக்கு நேரம் இருந்துச்சு.

நாடகம் ஆரம்பிச்சுது. வேட்டைக்குப் போற ராஜா பவுடர் இல்லாத வெறும் மூஞ்சியோட வந்து நின்னாரு.

"டேய், ராஜா நம்ம டிக்கெட் கவுண்டர் ஆளுலா!"ன்னு ஒருத்தன் கத்துனான். கூட்டம் குலுங்கிச்சு. அப்புறம் காட்டுத் திரை எறங்குச்சு. பின்வரிசை ஆளுங்க எந்திரிச்சு நின்னு பார்த்தாங்க. விடியக்காலையில தோட்டத்துல மரத்துக்கு நடுவுல பனி நிக்குமே, அது மாதிரி நின்னுச்சு காடு.

எடைவேளையில துரை கூப்பிட்டாரு. "தனலெட்சுமி, அந்தக் காட்டுல பனி எப்படி வந்துச்சு?"

"ராஜா மூஞ்சியிலேருந்து எடுத்தது தொரே."

கிராணி முந்திக்கிட்டாரு. "திரை ஒட்டிப்போச்சுங்க தொரே! இவதான் பாலை ஊத்திக் கெடுத்தா!"

துரை மேடையை ஒருதரம் பார்த்தாரு, கிராணியை ஒருதரம் பார்த்தாரு. "உன் மாடு வெளியவே நிக்கட்டும்"ன்னாரு. தனலெட்சுமி பக்கம் திரும்பி, "ரப்பர் வெலை ஏறுற வரைக்கும் வச்சுக்கோ"ன்னாரு.

வெலை ஏறுச்சு, கொட்டகைக்கு ஷீட்டு திரும்பி வந்துச்சு. மொதல் நாள்லேருந்து அதுவரைக்கும் அவ வச்சிருந்தது மொத்தம் நானூத்திப் பத்து நாள்; அந்தப் பதினேழு பேரும் அதுக்குள்ள வந்து போனவங்கதான்.