சாகாத பியூஸ்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மெல்பனில் பார்சல் வேனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்தச் சின்னக் கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினேன். மூன்று கிழமை மூக்கைச் சொறியவில்லை. பாட்டுப் படிக்கவில்லை. காலையில் ஏறியதும் அதைப் பார்த்து "குட் மோர்னிங்" வைப்பேன். மத்தியானம் சோற்றுப் பார்சலைத் திறக்கும்போது, பார்க்கிறவனுக்குப் பசிக்குமே என்று கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன். நாற்பத்தாறு வயது மனுசன். இலங்கையில் எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வந்து நிற்கிறார் என்றால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற எங்கள் ஆட்களின் முதுகு தானாக நிமிரும். அந்த முதுகோடுதான் நான் விமானம் ஏறி வந்திருந்தேன். வேறு முதுகு கைவசம் இல்லை.

ஒரு நாள் கூட வேலை செய்கிற கிரேக் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். கேமராவுக்குத் தலையாட்டிவிட்டு இறங்குகிறேன். யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். சிரித்துச் சிரித்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டான். "யாரும் பார்க்கிறதில்ல மேட். நீ இடிச்சாத்தான் எடுத்துப் பார்ப்பாங்க" என்றான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு ஆறுதலாக இல்லை. நாள் முழுக்க நூற்றைம்பது வாசலில் ஏறி இறங்குகிறேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முதுகு வழக்கத்தைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த மாதம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் சொந்தக் காரை யாரோ உரசிவிட்டுப் போனார்கள். கதவு நெடுகக் கோடு. ஊரில் என்றால் நான் வெளியே வருவதற்குள் ஐந்து பேர் வந்து, யார், எத்தனை மணிக்கு, என்ன நிறச் சட்டை, அவன் பெண்சாதி எந்தத் தோட்டம் என்பது வரை சொல்லியிருப்பார்கள். இங்கே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதானவர். "எங்க கார உரசினத நீங்க பார்த்தீங்களா?" என்றேன். அவர் உடனே தன் காரைச் சுற்றிக் காட்டினார், தன் பம்பரில் ஒரு கீறலும் இல்லை பாருங்கள் என்று. நான் குற்றம் சாட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை ஐயா, பார்த்தீர்களா என்றுதான் கேட்டேன் என்று விளக்க விளக்க, அவர் இன்னும் பின்வாங்கி, கடைசியில் மிக மரியாதையாகக் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் தன் பம்பரைப் பார்ப்பார்.

அப்போதுதான் நிறுத்தியிருக்கும்போதும் தூங்காத கேமராவை வாங்கினேன். சாவியை எடுத்த பிறகும் அது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கும். பக்கத்தில் ஏதாவது அசைந்தால் முழித்துப் படம் பிடிக்கும். அதற்குக் கரண்டு வேண்டும். காரில் இரண்டு வகை பியூஸ் இருக்கிறது: சாவியை எடுத்தால் சாகிற பியூஸ், சாவியை எடுத்தாலும் சாகாத பியூஸ். தூங்காத கேமராவுக்குச் சாகாத பியூஸில் இருந்து வயர் இழுக்க வேண்டும். இதை யூடியூபில் பார்த்து நானே செய்தேன், அதுவும் சரியாக வேலை செய்தது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய கெடுதல் அதுதான். முதல் தடவையே சரியாக வந்துவிட்டால் மனுசனுக்குத் தலைகால் புரியாது.

போன தை மாதம் ஊருக்குப் போகும்போது தம்பி யோகனுக்கும் அதே மாதிரி ஒன்று கொண்டுபோனேன். யோகன் சின்னக் கார் ஒன்று வைத்து ஹயர் ஓடுகிறான். அவனுடைய ஹயர்களில் தவறவே கூடாத ஒன்று, எங்கள் வரிசை வீட்டு லயத்துக்கு மேல் லயத்தில் இருக்கிற சரசக்கா. இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு நுவரெலியாவில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் இருக்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போக முடியாது. ஒரு தடவை தவறினால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அதனால் விடிய நாலரைக்கு யோகன் காரைக் கிளப்புவான். இது தோட்டத்துக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் நான் அந்தக் காரில் கை வைத்தேன்.

விமான நிலையத்தில் இருந்து வரும் வழியில் ஹட்டனில் ரவூப் நானாவின் கடையில் நிறுத்தினோம். வாகன எலக்ட்ரிக் வேலைக்கு நானாவை விட்டால் ஆள் இல்லை. எனக்கு ஒரு துண்டு வயரும் கறுப்பு டேப்பும்தான் தேவைப்பட்டது. நானா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் யோகனின் பொனட்டைத் திறந்து பெட்டரியில் மீட்டரை வைத்தார்.

"தம்பி, சாவி எடுத்தா சாகுற பியூஸ்ல குடுங்க. இந்தப் பெட்டரி கிழவன். உங்க ஊரு குளிருக்கு அது தன்னைக் காப்பாத்திக்கிறதே பெரிய காரியம்."

"அப்படிக் குடுத்தா நிறுத்தியிருக்கிற நேரம் பார்க்காதே நானா."

"நிறுத்தியிருக்கிற நேரம் என்னத்தப் பார்க்கணும்? அக்கரப்பத்தனையில காரு தானா எழும்பிப் போகுமோ?"

"ஆஸ்திரேலியாவுல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

"ஆஸ்திரேலியாவுல உங்களுக்கு இந்த வேலையா?"

"இல்ல நானா, பார்சல்."

"அப்ப பார்சலப் பார்த்துக்குங்க" என்று வயரைச் சுற்றிக் கையில் கொடுத்தார். யோகன் வாயைப் பொத்திக்கொண்டு வீதியைப் பார்த்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். எங்கள் லயத்துக்குக் கார் இறங்காது. மேலே கோயிலடித் தரையில் நிறுத்திவிட்டுப் படியால் இறங்க வேண்டும். அந்தத் தரையில் மல்லாந்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டு, சாகாத பியூஸைத் தேடினேன். கேமராவோடு வந்த சின்னப் பெட்டியில், பெட்டரி இவ்வளவு இறங்கினால் நிறுத்திவிடு என்று சொல்லி வைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை ஆகக் குறைந்த அளவில் வைத்தேன். நல்லாப் பார்க்கட்டும் என்று. பாதுகாப்பில் கஞ்சத்தனம் கூடாது பாருங்கள்.

நீட்டிய காலுக்குப் பக்கத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் தலையில் கூடையோடு அப்படியே நின்றார்கள். "அண்ணே, இதுல எங்க மூஞ்சி விழுமா?" "விழும்." "அப்ப ஆஸ்திரேலியாவுல தெரியுமா?" "தெரியாது, பெட்டிக்குள்ள இருக்கும்." "பெட்டிக்குள்ள இருந்து என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. பெரிய மனுசன் மாதிரிச் சிரித்தேன். செய்தி மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் போனது. நான் படி இறங்கித் தேத்தண்ணீர் குடிக்கும்போதே கோயிலடிக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிய நாலரை. மூடுபனியில் கோயில் லைட் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. சரசக்கா ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, கையில் துணிப் பையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். யோகன் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். அந்த 'டிக்'கும் வரவில்லை.

ஒரு கார் கிளம்பாமல் இருக்க நூறு காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இருந்தாலும் பொனட்டைத் திறந்து, போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, மருத்துவர் மாதிரி "ம்ம்" என்றேன். பெட்ரோல் இருக்கா என்று கேட்டேன். பனி பிடிச்சிருக்குமோ என்றேன். பனி ஈரத்தில் போன் வழுக்கி என்ஜினுக்குள் விழுந்தது. அதை எடுக்கக் கையை விட்டுக் கை மாட்டிக்கொண்டது. யோகன் இறங்கி வந்து என் கையை விடுவித்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, நேத்து நீ கை வச்சது எந்த பியூஸ்?"

"சாகாதது."

அவன் பொனட்டை மெதுவாகச் சாத்தினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே இருந்து சரசக்காதான், "என்ன தம்பி, நேரமாகுமா?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கணக்குப் பார்க்கிற சோர்வுதான் இருந்தது. இந்த வெள்ளிவரை உடம்பு தாங்குமா என்று.

கரண்டு கடன் வாங்க வேறு வாகனம் இல்லை. தோட்டத்து லொறி ஏழு மணிக்குத்தான் வரும். ஒரே வழி, காரைத் தள்ளிக் கோயில் ஏற்றத்தைத் தாண்டி, மறுபக்க இறக்கத்தில் உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளப்புவது. யோகன் லயத்தைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தான். பெயர்கூடச் சொல்லவில்லை. கதவுகள் திறந்தன. லேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு ஆண்கள் ஏறி வந்தார்கள், அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பின்னால் வந்து கையை வைத்தார்கள்.

"நான் எறங்கிக்கிறேன், பாரமா இருக்கும்" என்றார் சரசக்கா.

"நீ சும்மா இரு அக்கா. நீயா பாரம்? அண்ணனப் பாரு, பம்பரப் பிடிச்சுத் தொங்குறாரு" என்றது இருட்டில் ஒரு பெண் குரல். எல்லோரும் சிரித்ததில் கார் ஒரு முழம் பின்னால் வந்துவிட்டது.

மூன்று தடவை நின்று மூச்சு வாங்கி, ஏற்றத்தைத் தாண்டினோம். பிறகு கார் எங்கள் கையை விட்டுப் போனது. இறக்கத்தில் சத்தமே இல்லாமல் உருண்டது. முதல் குலுக்கலில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பனிக்குள் பின் லைட்டும் தெரியவில்லை. வளைவுக்கு அப்பால் இருந்து இருமினாற்போல ஒரு சத்தம், பிறகு என்ஜின் சத்தம், அது தூரமாகிப் போனது. நான் வீதியில் ஒற்றைச் செருப்போடு நின்றேன். "போய்ருவாங்கண்ணே, வாங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் பெரட்டுக்குப் போக இறங்கினார்கள்.

அவர்கள் நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் ஏழு மணி மெஷினில் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். சரசக்கா பெஞ்சில் காத்திருந்தார். பதினோரு மணிக்குப் பிறகு இடம் கிடைத்தது. என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்று யோகன் அவ்வளவு நேரமும் அதை ஓட விட்டபடி வெளியே உட்கார்ந்திருந்தானாம். இருட்டுகிற நேரம் வந்து இறங்கினார்கள். நான் கோயிலடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்க ஒரு நீளமான பேச்சைத் தயார் பண்ணியிருந்தேன். சரசக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "கீழ வரைக்கும் வா தம்பி, படி வழுக்குது" என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது.

மெல்பனுக்குத் திரும்பிய பிறகுதான் அந்த மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன். யோகன் கழற்றித் தந்திருந்தான். திங்கள் சாயங்காலம் மட்டும் நூற்றுக்கு மேல் துண்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். கூடையோடு ஒரு முகம், வெற்றிலை வாயோடு ஒரு முகம், கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு ஒரு முகம். ஒருத்தி கேமராவைப் பார்த்து மகனுடைய பெயரைச் சொல்லி, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்கிறாள். அவன் கட்டாரில் இருக்கிறான். இப்படி ஒவ்வொருவர் வந்து பார்க்கப் பார்க்க, கேமரா முழித்து முழித்துப் பெட்டரியைக் குடித்திருக்கிறது. யாரும் பார்க்காத தெருவுக்காகச் செய்த சாமானை, எல்லோரும் பார்க்கிற கோயிலடியில் கொண்டுபோய் வைத்தேன். அது பார்த்தே களைத்துப் போயிற்று.

யோகன் வயரைச் சாகிற பியூஸுக்கு மாற்றிவிட்டான். ரவூப் நானா புதுப் பெட்டரியும் போட்டுவிட்டார். ஆனாலும் செவ்வாயும் வெள்ளியும் அங்கே நாலரை ஆகும்போது இங்கே ஒன்பது மணி. நான் ஏதாவதொரு தெருவில் வேனை ஓரங்கட்டுவேன். பின்னால் பார்சல் குவிந்திருக்கும். என் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கார் கிளம்பிவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யோகன் ஒரு வார்த்தை அனுப்புவான்: "கெளம்பிட்டோம்." அதற்குப் பிறகுதான் என் கால் கிளட்சைத் தேடும். இந்த வேனில் கிளட்ச் கிடையாது. ஐந்து வருசமாக ஓட்டுகிறேன், செவ்வாயிலும் வெள்ளியிலும் மட்டும் இடது கால் அதை மறந்துவிடுகிறது.

போன வெள்ளி ஒன்பதுக்குச் செய்தி வரவில்லை. ஒன்பதேகாலுக்கும் இல்லை. யோகனுக்கு எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரவூப் நானாவை எழுப்பினேன். "தம்பி, பார்சலப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டார். ஒன்பதரைக்கு என் மனசுக்குள் சரசக்கா மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்திருந்தார், பத்துக்குக் கார் வட்டவளைப் பக்கம் பள்ளத்தில் கிடந்தது, அந்தப் பாதையில் அவர்கள் போவதே இல்லை என்பது பத்தரைக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுப் பார்சலை இன்னொரு வீட்டில் கொடுத்தேன். கிரேக் கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்டான். அக்கரப்பத்தனை என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு யோகன் எடுத்தான்.

"என்னண்ணே, முப்பது மிஸ்ட் கால்?"

"கார் கெளம்புச்சா?"

"கெளம்பாம? அக்கா அப்பவே மெஷின்ல படுத்துட்டாங்க. மெசேஜ் போட மறந்துட்டேன்."

நடந்தது அவ்வளவுதான். கார் முதல் சாவியிலேயே கிளம்பியிருந்தது. சரசக்கா ஏழு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தார். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.