கோயிலில் பார்த்த பச்சைச் சேலை

பிள்ளைகளே, போன மாதம் நாம் நாலு பேரும் படம் பார்த்துவிட்டு வந்து தேத்தண்ணி குடித்தோமே, அன்று நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும் மட்டும் படித்தவன். இருபத்தாறு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் சேலை விற்கிறேன், எழுதிப் பழக்கமில்லை. கடையில் ஒரு சேலையை எடுத்தால் முந்தானையைத்தான் முதலில் விரித்துக் காட்டுவோம். பொய் சொன்னேன் என்று முந்தானையைக் காட்டியாயிற்று. இனி உடலுக்கு வருகிறேன்.

நீங்களும் பார்த்த படம்தான், ஆனாலும் பிற்காலத்தில் இதை வாசிக்கும்போது மறந்துபோயிருக்கும். ஓய்வு பெற்ற பஸ் கொண்டக்டர் ஒருவர். அவருடைய அலுமாரிக்குப் பின்னால் பெண்கள் பிடிக்கும் குடை ஒன்று அகப்படுகிறது. அது மனைவியின் குடை இல்லை. மகன் விடாமல் தோண்டிக் கேட்கிறான். கலியாணத்துக்கு முன் அப்பாவுக்கு மூன்று காதல்கள் இருந்தன என்றும், மூன்று பேருமே அவருடைய பஸ்ஸில் வந்தவர்கள் என்றும், குடை யாருடையது என்று அவருக்கே ஞாபகமில்லை என்றும் தெரியவருகிறது. அப்பனும் மகனும் ஒரு பழைய வான் வண்டியில் அந்த மூன்று பேரையும் தேடிப் புறப்படுகிறார்கள். ஒருவர் பள்ளிக்கூட அதிபர், ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், மூன்றாமவருக்கு இவர் யாரென்றே தெரியவில்லை. குடையோ அவருடையது. தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தி.

படம் முடிந்து கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் கடைக்குப் போனோம். "அய்யே, ப்ளேன்டீ ஹதரக்" என்று சிங்களத்தில் நாலு தேநீருக்குச் சொல்லிவிட்டு இருந்தோம். மகள், நீதான் தொடங்கினாய்.

"சுப்பர் படம். கடைசியில அந்த அப்பா குடையைக் குடுக்கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது."

"எனக்கு நித்திரை வந்திட்டுது" என்றாய் மகன், நீ. "முப்பது வருசத்துக் குடை விரியுமே? கம்பியெல்லாம் கறள் பிடிச்சிருக்கும்."

"டேய், உனக்குக் குடை மட்டும்தான் தெரிஞ்சதோ?"

"படம் முழுக்க அதைத்தானே காட்டினவங்கள்!"

அம்மா ரோல்ஸை இரண்டாகப் பிய்த்து ஆறவைத்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பிடிக்கேல்ல" என்றார். "அந்த மனுசன் ஊரெல்லாம் போய்க் கதைச்சுது. வீட்டில இருக்கிற பெண்சாதியிட்ட ஒரு வார்த்தை கதைச்சதோ? அவ வாறது ரெண்டே ரெண்டு சீன். ரெண்டிலயும் தேத்தண்ணி ஊத்துறா."

"அது பகிடிப் படம், அம்மா."

"பகிடிதான். அவவுக்கு மட்டும் ஒரு பகிடியும் வைக்கேல்ல."

என்னைக் கேட்டீர்கள். படம் பரவாயில்லை, கோழிப்பண்ணை அம்மா கட்டியிருந்த சேலை நல்ல நெசவு என்றேன். மூன்று பேரும் மேசையில் அடித்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் மகள், நீ கேட்டாய்: "அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு முதல் உங்களுக்கு ஆரும் இருந்தவையோ?"

"சீச்சீ. எனக்கு ஆர்?" என்றேன். அதுதான் பொய்.

அம்மா உடனே எனக்காக வாதாட வந்துவிட்டார். "உங்கட அப்பாவோ? கோயிலில என்னை ஒருக்காப் பாத்தவர். ஒரே பார்வை. அதோட கலியாணத்துக்கு ஓம் எண்டிட்டார். பொருத்தம் பாத்த ஐயருக்கே ஆச்சரியம்." இந்தக் கதையை உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தேநீர் புரையேறியது. மகன், நீ என் முதுகில் தட்டினாய்.

இனி உண்மை. எங்கள் ஆட்களிடம் பெண் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பெண்ணுக்கு வெட்கக்கேடு என்று கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்தாரும் கும்பிட வந்தவர்கள் போல வர வேண்டும். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலப் போக வேண்டும். ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது. எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலைச் சொன்னார்கள். "வெள்ளிக்கிழமை பத்து மணி, நவக்கிரகத்தடியில், பச்சைச் சாறி" என்று தரகர் சொல்லியிருந்தார். கூட வர இருந்த தரகருக்குக் காய்ச்சல். என் அக்கா வந்த பஸ் பிந்திவிட்டது. அப்போது எங்கள் யாரிடமும் கைத்தொலைபேசி இல்லை. நான் தனியாகப் போனேன்.

நவக்கிரகத்தடியில் ஒரு பெண் பச்சைச் சேலையோடு நின்றார். கையில் அர்ச்சனைத் தட்டு. ஒரு காகம் வந்து தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் கொத்திக்கொண்டு போனது. வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். அவர் காகம் போன திசையைப் பார்த்து, "நீயே சாப்பிடு" என்று சொல்லிச் சிரித்தார். நான் நேரே தரகர் வீட்டுக்குப் போய், காய்ச்சலோடு படுத்திருந்த மனிதரை எழுப்பி, ஓம் என்றேன். தரகர் முன்பு காட்டிய பெண்ணின் புகைப்படம் ஸ்டூடியோவில் பவுடர் அப்பி எடுத்தது. அது யாருடைய முகத்துக்கும் பொருந்தும்.

அதன்பிறகு மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், நான் அந்தச் சிரிப்போடு இருந்தேன். கடையில் பச்சைச் சேலை வந்தால் நானே வாங்கி மடித்தேன். காதல் என்றால் அதுதான் என் காதல். மூன்று கிழமை, ஒரு காகம்.

பிறகு எழுத்து, அதுதான் பதிவுத் திருமணம். கொட்டாஞ்சேனையில் பெண் வீட்டில் கதிரையில் இருக்கிறேன். அறைக்குள் இருந்து அழைத்து வருகிறார்கள். வந்தது வேறு ஒருவர். உங்கள் அம்மா.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. பதிவுகாரர் பேனையை நீட்டினார். எழும்பிப் போனால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் யோசனை, போகாவிட்டால் என்ன ஆகும் என்று மறுபக்கம் யோசனை. அம்மா குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "தண்ணி வேணுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு பேர் நின்றும் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. நானும் அவரைப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், என் பிழை தெரியக் கூடாது என்று ஒரு கெட்டித்தனம் செய்தேன். "கோயிலில கட்டின அந்தப் பச்சைச் சாறி உமக்கு நல்ல வடிவு" என்றேன். அம்மா "அப்பிடியோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அதோடு விஷயம் முடிந்தது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

படம் பார்த்த நாளில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை. வீட்டில் இருந்த பெண்சாதியிடம் ஒரு வார்த்தை கதைத்ததோ என்று அம்மா கேட்டது காதிலேயே நின்றது. சொன்னால் அந்த ஒரே பார்வைக் கதை போய்விடும். அது அவருடைய நகை மாதிரி, நான் எப்படிக் கழற்றுவது? சொல்லாவிட்டால், அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு தரமும் எனக்குப் புரையேறும்.

கடை பூட்டியிருந்த பௌர்ணமிப் போயா தினத்தில் நீங்கள் இரண்டு பேரும் டியூஷன் வகுப்புக்குப் போன பிறகு, பொன்னாங்காணிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"இஞ்ச பாரும், ஒரு விசயம். அண்டைக்குக் கோயிலில நான் பாத்தது உம்மை இல்லை."

அம்மா ஒரு தண்டை முறித்து இலையைக் கிள்ளினார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"கலியாணம் முடிஞ்ச மூண்டாம் நாளே தெரியும். பச்சைச் சாறி வடிவு எண்டியளே. நான் எங்க பச்சை கட்டினனான்? அயன் பண்ணேக்க அதின்ர முந்தானை கருகிட்டுது. கத்தரிப்பூக் கலர்தான் கட்டிக்கொண்டு வந்தனான். சாறிக் கடைக்காரருக்குக் கலர் தெரியேல்லை எண்டால் வேற ஆரையோ பாத்திருக்கிறார் எண்டு விளங்காதோ?"

"கோவம் வரேல்லையோ?"

"வந்தது. ஒரு கிழமை உங்களுக்கு உப்புப் போடாமல் சமைச்சனான். நீங்கள் வாயே திறக்கேல்லை. ரெண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டியள். பேந்து நானே பாவம் பாத்து உப்பைப் போட்டன்."

உண்மையில் கொட்டாஞ்சேனைச் சமையல் அப்படித்தானாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"பிறகேன் பிள்ளையளுக்கு அப்பிடிச் சொல்லுறனீர், ஒரே பார்வை எண்டு?"

அம்மா கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பொய்யே? எழுத்தண்டைக்குத்தானே என்னை முதல் பாத்தியள். பாத்திட்டு எழும்பிப் போயிருக்கலாம். போகேல்லை. கையெழுத்து வைச்சியள். ஒரே பார்வைதான். இடத்தை மட்டும்தான் மாத்திச் சொன்னனான்." பிறகு, "அவ வடிவோ?" என்றார்.

"காகம்தான் நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் கீரை நிலத்தில் கொட்டியது.

பிள்ளைகளுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எழுதிக் குடுங்கோ. எனக்கு முன்னால இருந்து சொன்னால் சிரிச்சுக் கெடுத்துப்போடுவன்" என்றார். அதனால்தான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன்.

இனி என்னுடைய அபிப்பிராயம். படம் நல்ல படம்தான், மகள். குடை விரியாது என்று நீ சொன்னதும் சரி, மகன். ஆனால் அம்மா சொன்னதுதான் எனக்குப் பட்டது. குடையைக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியதோடு படத்தை முடித்துவிட்டார்கள். அங்கேயிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தப் போயா தினத்துப் பின்னேரம் அம்மா தேங்காய் வாங்கக் கீழே போனார். நான் அலுமாரியைத் திறந்து கீழ்த்தட்டில் தேடினேன். கத்தரிப்பூச் சேலை ஒரு பழைய தலையணை உறைக்குள் இருந்தது. அம்மா அதை ஒருநாளும் கட்டி நான் கண்டதில்லை. ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிந்த இடமெல்லாம் வெளிறி, பட்டு இழை பிரியப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலில் முழுதாக விரித்தேன். முந்தானையில் சின்னச் சின்ன மாங்காய்கள். கையால் நீவிவிட்டு, பழைய மடிப்புக் கோட்டில் படாமல் புதிதாக மடித்து, மேல்தட்டில், கையெட்டும் இடத்தில் வைத்தேன்.