பாலகாட் மேட்டுச் சிவப்புக் கல்

“கல்லு பொறுக்கறதுக்கா இம்மாம் படிச்ச? தங்கம் தோண்டின மேட்டுல தங்கமே இல்லன்றாங்க, நீ இன்னாத்த தேடிக்கினு கீற?”

என் அத்தை ஒருமுறை இப்படிக் கேட்டாள். அப்பாவின் அக்கா. ஆண்டர்சன்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே கேட்டாள். நான் பையைத் திறந்து காட்டினேன். கொண்டைக்கடலை அளவில் கறுத்துச் சிவந்த கார்னெட் கற்கள்.

“வித்தா இன்னா தருவான்?”

“ஒண்ணும் தரமாட்டான் அத்தே.”

“நல்லா கீது போ. இட்லி துன்றியா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷமாக இருந்தது. ஆனாலும் இட்லி சாப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நிலவியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்வதாக அம்மா சொல்வாள். உயரட்டும். வாரம் முழுக்க விடியற்காலை ரயில் பிடித்து, பெங்களூரில் மண்ணையும் பாறையையும் சோதித்துச் சொல்லும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன். ஞாயிறு பாலகாட் மேட்டுக்கு. எங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்திலிருந்து, தங்கம் இல்லை என்று வெளியே கொட்டிய பாறைகள்தான் அந்த மேடு.

கார்னெட் அங்கே அபூர்வம் இல்லை. நல்ல கார்னெட்தான் அபூர்வம். நகைக்கடைக்காரர் ஒருவர் என் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள பூரா கீறல்மா, மோதிரத்துக்கு ஆகாது” என்றார். அவருக்குக் கல்லின் உள்பக்கம் வேண்டும். எனக்கு வெளிப்பக்கம். பன்னிரண்டு பட்டைகளோடு, ஒரு முனைகூட மழுங்காமல், தான் வளர்ந்த பாறையில் பதிந்தபடியே இருக்க வேண்டும். பாறையிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டால் பாதி மதிப்பு போய்விடும். அதனால் கல்லுக்குப் பக்கத்தில் சுத்தியல் படக் கூடாது. பாறையின் பின்பக்கம் உளி வைத்து, அது எந்தத் திசையில் பிளக்க விரும்புகிறது என்று பார்த்துத் தட்ட வேண்டும். பெரும்பாலும் அது என் விருப்பத்துக்குப் பிளப்பதில்லை. நான் உடைத்த நல்ல கற்களே ஒரு கிண்ணம் நிறைய இருக்கின்றன.

அந்த மேடு என் அப்பா வேலைக்கு இறங்கிய சுரங்கக் குழியின், ஷாஃப்டின், மேடு. நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, பூமியின் அழுத்தம் தாங்காமல் அடியில் பாறை வெடித்தது. ராக் பர்ஸ்ட் என்றால் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டில் பாத்திரங்கள் ஆடின என்று அம்மா சொல்வாள். அப்பா இருந்த லெவலுக்குள், அந்த ஆழத்துச் சுரங்கப்பாதைக்குள், போக வழியில்லை என்று சொல்லி அதை அப்படியே மூடிவிட்டார்கள். உடல் மேலே வரவில்லை. வீட்டிலிருந்த ஒரு சட்டையையும் பழைய பூட்ஸையும் வைத்து மயானத்தில் புதைத்தார்கள். அப்பாவின் சமாதி என்று எங்களுக்கு இருப்பது அதுதான்.

போன மழைக்குப் பிறகு ஜல்லிக்காக மேட்டின் ஒரு பக்கத்தை ஜேசிபி வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. போன ஞாயிறு, புதிதாக வெட்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பாறைத்துண்டு கிடந்தது. அதன் நடுவில், அரைநெல்லி அளவில், பாதி புதைந்தும் பாதி எழும்பியும் ஒரு கார்னெட். வெளியே தெரிந்த எல்லாப் பட்டையும் முழுசு. நான் உளியை எடுக்கவே இல்லை. துப்பட்டாவில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்த என் பேராசிரியர் அன்றைக்கே போன் செய்தார். நான் படித்த நிலவியல் துறையின் அருங்காட்சியகத்தில் வைப்பதாகவும், கண்டெடுத்தவர் என்று என் பெயர் போடுவதாகவும் சொன்னார். எங்கள் வீட்டில் யார் பெயரையும் யாரும் கண்ணாடிக்குள் வைத்ததில்லை.

பழைய டூத்பிரஷால் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் சமையல் வேலை முடித்துவிட்டு வந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை என் கற்களை அவள் நின்று பார்த்ததில்லை.

“இது எப்டி இவ்ளோ சீரா கீது? யாராவது பட்டை தீட்னாங்களா?”

“இல்லம்மா. தானா வளர்ந்தது. பூமிக்கு அடியில சூட்டுலயும் ப்ரஷர்லயும் வளரும்.”

“ப்ரஷர்லயா?” அம்மா கையை இழுத்துக்கொண்டாள். “அதுல மனுசன் சாவறான்னுதான் எனுக்குத் தெரியும்.”

அப்புறம் கேட்டாள். “எந்த மேடு?”

சொன்னேன்.

“எந்த லெவலு?”

“அது தெரியாதும்மா. எல்லா லெவல் கல்லையும் ஒண்ணாத்தான் கொட்னாங்க.”

“அவரு லெவலா இருக்கலாமில்ல?”

ஒரு மாதிரிக் கல் எங்கே கிடைத்தது என்று குறிக்கும்போது, தெரிந்ததை மட்டும்தான் எழுத வேண்டும். அதைத்தான் படித்தேன். “இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்” என்றேன்.

“இருக்கலாமே, அது போதும். குடுத்துடு. அவரு எடத்துல வச்சிட்டு வந்துடறேன். அங்க கீறதெல்லாம் துணிதான?”

அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னேன். என் பெயரைப் பற்றியும் சொன்னேன். எழுந்து போய், உடைந்த கற்கள் இருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். அதுவும் அதே மேட்டுக் கல்தான், அதை வைக்கலாமே என்றேன்.

அம்மா ஒன்றை எடுத்து விரலால் தடவினாள். உடைந்த விளிம்பில் விரல் நின்றது.

“அவரே உடஞ்சிதான் போயிருப்பாரு. கல்லாவது முழுசா இருக்கட்டும்.”

இருபது வருஷத்துக்கு மேல் இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அப்பா எப்படிச் செத்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் நினைத்துப் பார்த்திருப்பாள் என்று மட்டும் ஏனோ நினைக்கவில்லை. நான் கிண்ணத்தை மூடினேன்.

மறுநாள் அத்தை வந்தாள். விஷயம் கேட்டதும் நான் எதிர்பாராத பக்கம் நின்றாள்.

“பைத்தியமா உனுக்கு? பொண்ணு பேரை எழுதி வெக்கறேன்றாங்க. மண்ணுல போட்டா யார் பாக்கறது? என் தம்பி எழுந்து வந்து பாக்கப் போறானா?”

“பாக்க வேணாங்க அண்ணி. அவரு கூட இருந்தா போதும்.”

“தம்பி பேரையும் சேத்து எழுதச் சொல்லேன்டி” என்று அத்தை என் பக்கம் திரும்பினாள். “அப்பன் மைன்ஸ்ல செத்தான், பொண்ணு கண்டெடுத்தாள்னு.”

“அப்படி எழுதமாட்டாங்க அத்தே.”

“அப்ப அது இன்னா பெரிய காலேஜி?” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடையில் எத்தனையோ பேரை வாயாலேயே விரட்டியவள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அம்மா அழவில்லை. உலையில் அரிசி போடப் போனாள்.

நான் கல்லை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இதுபோல் இன்னொன்று எனக்குக் கிடைக்காது. ஜேசிபி போகும் வேகத்தில் மேடே மிஞ்சாது. அம்மா நினைப்பது உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அந்த மேட்டில் அப்பாவின் லெவலிலிருந்து வந்த கல் எவ்வளவு இருக்கும்? பாறை வெடிப்பதற்கு முன் தோண்டிய கல்லாகத்தான் இருக்க முடியும். ஒருவேளை அவரே தோண்டியதாக. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அவள் தன் பக்கம் சேர்த்துக்கொள்வாள்.

கல் வராது என்று புதன்கிழமை ரயிலில் உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதினேன். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். வீட்டுக்கு வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள் என்று பதில் போட்டேன். ஒயிட்ஃபீல்டு வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

இன்று ஞாயிறு. மேட்டுக்குப் போகவில்லை. கல்லைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாவோடு மயானத்துக்குப் போனேன். சமாதி மண் தணிந்து தரையோடு தரையாகி, உன்னிச்செடி மூடியிருந்தது. அம்மா அங்கிருந்த வேப்பமரத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்று, “இங்கதான்” என்றாள். நான் அரிவாளால் செடிகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டினேன்.