தட்டாமல் வந்த சொற்கள்

புனிதாவிடம் இதைக் கதை என்று சொல்லிவிடாதீர்கள். எழுந்து போய்விடுவாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தப் பூக்கடை இன்னும் இருக்கிறது. கடைக்கு மேலே அந்த அறையும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள். பகலில் போகிறேனே என்று தைரியம் வேண்டாம். இது நடந்ததே பகலில்தான்.

புனிதா காப்பார் ஊர்க்காரி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அதே வேலைக்கு ஜப்பானில் ஆள் எடுக்கிறார்கள், மொழித் தேர்வில் தேறினால் போகலாம் என்று தெரிந்ததும், வேலைக்குப் பக்கத்திலேயே அறை தேடினாள். பூக்கடை இராஜம்மா தன் மாடி அறையைக் கொடுத்தார். வாடகை ரொம்பக் குறைவு. ஏன் என்று புனிதா கேட்கவில்லை.

காலையில் தூங்கி எழுந்து, மதியத்தில் கைப்பேசியில் ஜப்பான் எழுத்து பழகுவாள். கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஆங்கில எழுத்தில் டி, ஏ என்று தட்டினால் ஜப்பான் எழுத்தில் 'த' விழும். உடனே, இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று கீபோர்டுக்கு மேலே நாலைந்து சொற்கள் வரிசை கட்டும். வேண்டியதைத் தொட்டால் போதும்.

ஒருநாள் 'த' என்று தட்டியதும் வரிசையில் முதலில் ஒரு சொல் வந்து நின்றது. எழுத்துக் கூட்டினாள். த... ன்... னி. தன்னி. அகராதியில் 'வெறுமனே' என்று பொருள் இருந்தது. மறுநாள் இன்னொன்று. தொர. அதற்குப் புலி என்று பொருள். சரி, புதிதாக இரண்டு சொல் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள்.

ஆனால் அந்த இரண்டும் போகவில்லை. மழைக்கான சொல்லைத் தட்டினாலும் தன்னி. நாய்க்கான சொல்லைத் தட்டினாலும் தொர. வேலையிடத்தில் தட்டிப் பார்த்தாள், ஒழுங்காக வந்தது. அறைக்குள் நுழைந்தால்தான் இப்படி. கைப்பேசியோ புத்தம் புதியது. ஆப்பில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை. மணி மூன்றேகால். வெளியே மழை இருட்டு.

வரிசையில் தன்னிக்கும் தொரவுக்கும் நடுவே புதிதாக ஒரு சொல் வந்தது. க... த... வ. இது அகராதியில் இல்லை. வாய்விட்டுப் படித்தால்தான் உச்சரிப்பு வரும் என்பார்களே... இருந்த சொற்களை வரிசையாக, சத்தமாகப் படித்தாள்.

"தன்னி... கதவ... தொர."

படித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. இது ஜப்பான் மொழி இல்லை.

தமிழ்.

அப்படியானால் தன்னி... தண்ணி.

பாடத்தில் படித்த 'தரெ' என்ற சொல்லைத் தட்டினாள். 'யார்' என்று அர்த்தம்.

வரிசை காலியானது. பிறகு ஒரே ஒரு சொல்.

மு... சு.

மூச்சு.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஈ... ஈ... என்று மெல்லிய விசில். முதியோர் இல்லத்தில் அவள் எத்தனையோ இரவு கேட்ட சத்தம். காற்றுக்குத் தவிக்கும் நெஞ்சின் சத்தம்.

அறையில் வேறு யாரும் இல்லை.

சத்தம் கதவுப் பக்கம் கேட்டது. தரையிலிருந்து.

ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை.

மறுபடி இழுத்தாள்.

ஈ...

கணுக்காலில் மூச்சுக்காற்று பட்டது. சூடாக.

தாழ்ப்பாள் விட்டது.

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே இராஜம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நார் கையிலிருந்து நழுவியது. முக்காலியை இழுத்துப் போட்டார். அவராகவே சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த அறையில் ஜீவன் என்ற பையன் இருந்தானாம். சுங்கை பூலோ ஊர்ப் பையன். அவனும் ஜப்பானுக்குப் போகப் படித்தவன்தான். சீக்கிரம் பழக வேண்டும் என்று தன் கைப்பேசியில் மற்ற எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு, ஜப்பான் எழுத்தை மட்டும் வைத்திருந்தானாம். தினமும் ஏதாவது தட்டி இராஜம்மாவுக்கு அனுப்புவான். அவருக்கு ஒன்றும் புரியாது. பையன் படிக்கிறான் என்று பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிடுவார்.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் அவனுக்கு ஆஸ்துமா வந்துவிட்டது. தாழ்ப்பாள் இறுகிப்போய்த் திறக்கவில்லை. கீழே கடையில் கூட்டம் நெருக்கியடித்தது, பாட்டுச் சத்தம் வேறு. அவனிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, ஈ என்ற சத்தம்தான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எழுத்தாக வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக. ராத்திரி மேலே போய்ப் பார்த்தபோது கதவடியில் கிடந்தான்.

"எப்பவும் போலத்தான் அனுப்புறான்னு நெனச்சேன்மா," என்றார் இராஜம்மா. "ஒவ்வொன்னுக்கும் கட்டைவிரல் போட்டேன்."

இத்தனை நாளும் யாரிடமும் காட்டாத அந்தச் செய்திகளைத் திறந்து, கைப்பேசியை அவளிடம் நீட்டினார்.

"நீதான் படிக்கிறியே. என்ன எழுதியிருக்கான்?"

புனிதா படித்தாள். தண்ணி. கதவ தொர. மூச்சு. ஒவ்வொன்றின் கீழும் மஞ்சள் கட்டைவிரல்.

"நன்றின்னு எழுதியிருக்கான், ஆன்டி."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அன்றைக்கே அவள் செந்தூலில் வேறு அறைக்கு மாறிவிட்டாள். தேர்விலும் தேறினாள். பயணத்துக்கு முந்தின வாரம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பூக்கடைக்கு வந்தாள். மாடி அறையில் இப்போது கிஷன் என்கிற லோரி ஓட்டுநர் இருக்கிறார். படியிறங்கி வந்தவரிடம், அறை வசதியாக இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அறை ஓகேலா," என்றார் அவர். "போன்லதான் என்னமோ வைரஸ். மத்தியானம் ஆனா சீன எழுத்து மாதிரி வரிசையா வருது. எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது. வர வர அழிச்சிடுறேன்."