தவளைச் சத்தமும் எங்கள் ஹோஸ்டிங் கம்பெனியும்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் போனுக்குள் ஒரு தவளை கத்தும். கத்தினால், எங்கோ ஒரு கடையின் வெப்சைட் படுத்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலிருந்தே அதை எழுப்பி உட்காரவைப்பதுதான் என் பிழைப்பு. மற்றவர்களின் வெப்சைட்டை எங்கள் சர்வரில் குடிவைத்து, இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி. அம்பத்தூரில் ஸ்டெல்லா அக்கா தன் வீட்டு மாடியில் ஆரம்பித்தது.

என் கணவருக்குப் பாடி பக்கம் ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். ஜன்னல் ஓரம் பூனை நடந்தாலே எனக்குப் பயம். அதை வெளியே சொன்னால் ராத்திரி வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பகலில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. ஆக வேலையே போச்சு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்பாதிக்கும் தோழிகளே, மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கான்வென்ட் மரியாதை

அக்கா வீட்டு மாடியில் வேலை பழகியபோது நான் எடுத்த முதல் போன், காட்டுப்பாக்கம் ஜவுளிக்கடைக்காரருடையது. சைட் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் பழக்கிய இங்கிலீஷில், சிரமத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து பொறுத்திருங்கள் என்று ஒப்பித்தேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். போனில் மெஷின் பேசக்கூடாது, எடுத்தவர் முதலில் "நான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அது அவர் போட்ட சட்டம். கடைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்கிலீஷ் நல்லா கீதும்மா. கடைய எப்ப தொறப்ப?"

தனக்கே ஒரு ரோஜா

ஒரு வெப்சைட்டை எங்கள் சர்வருக்கு மாற்றினால், அந்தக் கடை முதலாளியே தன் போனில் ஏதாவது ஒன்றை ஆர்டர் செய்து பார்க்க வேண்டும். அதுவரை மாற்றம் முடிந்ததாக அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். வேப்பம்பட்டில் செடி விற்கிறவர் ஒரு ரோஜாச் செடியை ஆர்டர் செய்தார். செய்தது சும்மா சோதனைக்கு என்று தன் ஆட்களிடம் சொல்ல மறந்துவிட்டார்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். பின்னால் அவர் மனைவி சிரிக்கிற சத்தம். "எங்க ஊட்டுக்கே எங்க செடி வந்துகினு கீது மேடம். டெலிவரி பையன் என்னையே போன் பண்ணி வழி கேக்குறான். உங்க வேலை பக்கா." அந்தக் கதையை அவர் ரயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். எங்கள் கம்பெனிக்கு விளம்பரம் அதுதான். ஆவடி, பூந்தமல்லி என்று கடைகள் வர ஆரம்பித்தன.

யார் அழுவது

ஆவடியில் கேக் கடை வைத்திருக்கும் அம்மாவின் சைட்டில் படங்கள் வரவில்லை. நான் சரிசெய்துகொண்டிருக்கும்போதே என் பெண் வீறிட்டாள். போனைக் கையால் பொத்தினேன். பொத்தினாலும் கேட்கிற குரல் அவளுக்கு. அக்காவிடம் புகார் போகப்போகிறது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா அதட்டினார்: "என் வெப்சைட்டா அழுவுது? பாலக் குடு மொதல்ல."

ஆபீஸ் சாமான்

மாடி போதாமல் கம்பெனி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தளத்துக்கே போய்விட்டது. ராத்திரி ஆட்களுடன் அக்கா வீடியோவில் பேசினார். நடுவில் என்னிடம், "உன் பின்னாடி அது என்னம்மா?" என்றார். வாசல் கதவுக்கு நான் முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியும், அதன்மேல் தண்ணீர் கேனும். தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது, வீட்டு ஓனர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார், எனக்கோ பயம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் சர்வர்களைக் கவனிக்கும் மணி அண்ணன் ஒரு தச்சரோடு வந்து நின்றார். கையில் கனமான புதுத் தாழ்ப்பாள். வேலை முடிந்ததும் அண்ணன் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹெட்செட்டு மாதிரி இதுவும் ஆபீஸ் சாமான்தான் தங்கச்சி. ஊடு மாத்துனா கயட்டி எடுத்துகினு வா, அக்கா சொல்லிச்சு."

ஊரில் இத்தனை கடைகளை விடிய விடியத் திறந்துவைக்கும் கம்பெனி, வளர்ந்து வளர்ந்து, அன்று ராத்திரி என் ஒரு கதவை மட்டும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடவைத்தது.